எங்கே எழுதியிருக்கு?

பாகூரின் பெயரைக் கல்வெட்டு ஆய்வாளர்கள் அறிந்திருப்பது ஒரு செப்பேட்டினால். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்கிற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்ட செய்தியை அது சொல்கிறது. ஒரே செப்பேட்டில் இரண்டு மொழிகள். வடமொழிப் பகுதி மன்னனின் குலத்தையும் கீர்த்தியையும் பாடுகிறது. தமிழ்ப் பகுதி தரைக்கு இறங்கி வேலையைப் பார்க்கிறது. நாட்டார்க்கு ஆணை, கொடுக்கப்பட்ட ஊர்கள், அவற்றின் எல்லைகள். புகழ் எந்த மொழியில் இருந்தாலும் உழுகிறவனுக்குக் கவலையில்லை. எல்லை மட்டும் அவனுக்குப் புரிகிற மொழியில் இருந்தாக வேண்டும்.

ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் எங்கள் பக்கம் எல்லைதான் பேச்சு. புதுச்சேரி வட்டாரமே கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கிடப்பது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஒரு நிலப் பத்திரத்தைப் பிரித்தால் மறுசர்வே எண்ணுக்குப் பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன கதஸ்தர் எண்ணும் இருக்கும். 1954இல் அவன் ஆட்சியை ஒப்படைத்துவிட்டான், எண் போகவில்லை. இத்தனை எண்கள் இருந்தும், வயலில் நின்று கேட்டால் வருகிற பதில் வேறு. “அந்தப் பனைமரம் வரைக்கும் நம்மது. யாருக்குத் தெரியாது?” எல்லாருக்கும் தெரியும், சரி. பனைமரம் விழுந்து, தெரிந்த பெரியவரும் போய்ச் சேர்ந்தபிறகுதான் கோர்ட்டுக்கு நடக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரை நிலத்தைப் பற்றியது இல்லை. கம்ப்யூட்டர்களின் அடிவயிற்றில் இருக்கிற லினக்ஸ் கெர்னலைப் பற்றியது. ஆனால் கடந்த ஐந்தாறு ஆண்டுகளாக அங்கே நடந்த சண்டையைப் பின்தொடரும்போதெல்லாம் எனக்குப் பனைமரம்தான் ஞாபகம் வந்தது. வார இறுதிகளில் இந்தப் பக்கத்து மாணவர்கள் சிலரோடு உட்கார்ந்து கெர்னல் நிரலைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஒருமுறை ஒரு ஃபங்ஷனைக் காட்டி, “இதைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தப் பூட்டைப் பிடித்திருக்கணும்” என்றேன். பாகூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “இது எங்க சார் எழுதியிருக்கு?” தேடிப் பார்த்தோம். எங்கும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பகுதியை எழுதியவருக்குத் தெரியும், அவரோடு பத்து வருஷம் பழகியவர்களுக்குத் தெரியும். கெர்னலின் சமீபத்திய வரலாறு முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய வரலாறு என்று இப்போது தோன்றுகிறது.

கெர்னல் என்பது வன்பொருளுக்கும் நாம் பயன்படுத்தும் செயலிகளுக்கும் இடையே நிற்கும் நிரல். மெமரியைப் பங்கு போடுவது, கோப்புகளைக் காப்பது, வலையமைப்பை நடத்துவது எல்லாம் அதன் வேலை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இன்று ஏறத்தாழ 4 கோடி வரிகள். கிட்டத்தட்ட முழுவதும் சி மொழி. சி மொழியை பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கினார். 1973இல் யூனிக்ஸ் கெர்னல் அதில் திருப்பி எழுதப்பட்டது. அதற்குப் பிறகு கெர்னல் என்றால் சி என்றே ஆகிவிட்டது.

சி மொழியின் குணம், எழுதுபவரை முழுசாக நம்புவது. ஒரு முகவரியைக் கொடுத்தால் அங்கே போய்ப் படிக்கும். அந்த இடம் உன்னுடையதா, இன்னும் இருக்கிறதா, நேற்றே வேறொருவருக்குக் கொடுத்தாயிற்றா என்று கேட்காது. இந்த நம்பிக்கைக்கு உலகம் கொடுத்த விலை பெரிது. 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று, வருகிற எழுத்துகளின் நீளத்தைப் பார்க்காமல் வாங்கிப்போட்ட ஒரு சி ஃபங்ஷன். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் கணக்கைச் சொன்னது: ஆண்டுதோறும் அவர்கள் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் இந்த வகை மெமரிப் பிழைகள். முப்பது வருஷமாகக் கை தேர்ந்தவர்களே செய்துகொண்டிருந்தார்கள் என்றால், குறை ஆளிடம் மட்டும் இருக்க முடியாது.

வேறு மொழியில் கெர்னல் எழுதிப் பார்த்தவர்களும் உண்டு. 1990களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாடுலா-3 மொழியில் ஸ்பின், 2000களில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் சிங்குலாரிட்டி. இரண்டும் அழகான வீடுகள், குடிவரத்தான் ஆள் இல்லை. உலகம் ஏற்கெனவே பழைய வீட்டில் குடியிருந்தது. இடித்துக் கட்டுவதற்கு யாரும் வெளியே வரத் தயாரில்லை.

ரஸ்ட் மொழி வந்த வழி வேறு. மோசில்லாவில் வேலை பார்த்த கிரேடன் ஹோர் 2006இல் சொந்த முயற்சியாகத் தொடங்கியது. 2015இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. அதன் சட்டம் நம் ஊர் நில வழக்கம் போலவே இருக்கும். ஒரு பொருளுக்கு ஒரே உரிமையாளர். இரவல் தரலாம். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் காலத்துக்கு அப்பால் அதை வைத்திருக்கக் கூடாது. பலர் பார்க்கலாம், அல்லது ஒருவர் மாற்றலாம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. இதை மீறினால் நிரல் கம்பைலே ஆகாது. கோர்ட் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி.

2020இல் லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில், கெர்னலுக்குள் ரஸ்ட்டை விடலாமா என்ற பேச்சு வெளிப்படையாக எழுந்தது. 2021 ஏப்ரலில் மிகேல் ஓஹேடா முதல் வரைவை அனுப்பினார். 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1இல் அது சேர்ந்தது, சோதனை முயற்சி என்ற முத்திரையோடு. பழைய வீட்டை இடிக்கிற யோசனை அவர்களுக்கு இல்லை. இருக்கிற சி நிரல் இருக்கட்டும், புதிதாக எழுதும் டிரைவர்களை ரஸ்ட்டில் எழுதலாம் என்றார்கள்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ரஸ்ட்டில் எழுதிய டிரைவர் மெமரி கேட்டாலும், பூட்டுப் போட்டாலும், கடைசியில் சி ஃபங்ஷனைத்தான் கூப்பிட்டாக வேண்டும். அந்த ஃபங்ஷன்களின் வடிவத்தை ரஸ்ட்டுக்குப் பெயர்த்துக் கொடுக்க பைண்ட்ஜென் என்றொரு கருவி இருக்கிறது. அது சொல்லுக்குச் சொல் பெயர்க்கும், பொருள் அதற்குத் தெரியாது. ‘இந்த ஃபங்ஷன் ஒரு முகவரியைத் திருப்பித் தரும்’ என்பதோடு நின்றுவிடும். அந்த முகவரி வெறுமையாக இருக்கலாமா, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, எத்தனை நாள் செல்லும் என்பதெல்லாம் வெறும் வடிவத்தில் இல்லை. அதனால் இப்படிக் கிடைக்கும் எல்லா ஃபங்ஷன்களையும் ரஸ்ட் ‘அன்சேஃப்’ என்று குறித்துவைக்கும். தொடலாம், பொறுப்பு உன்னுடையது என்று அர்த்தம்.

இதன் மேல் போடுவதுதான் பாதுகாப்பான உறை. ஒருவர் உட்கார்ந்து, அந்தச் சி ஃபங்ஷனின் எழுதப்படாத நிபந்தனைகளையெல்லாம் கண்டுபிடித்து, அவற்றை ரஸ்ட்டின் வகைகளாக மாற்றி எழுதுகிறார். அன்சேஃப் எல்லாம் உறைக்குள் அடங்கிவிடும். டிரைவர் எழுதுபவர் உறையை மட்டும் தொடுவார். அவர் என்ன செய்தாலும் மெமரி கெடக்கூடாது, அதுதான் உறை தருகிற உறுதி. உறைக்குள் ஒவ்வொரு அன்சேஃப் வரிக்கும் மேலே ‘சேஃப்டி’ என்று தலைப்பிட்ட குறிப்பு எழுத வேண்டும் என்பது ரஸ்ட் குழுவின் விதி. இது ஏன் சரி என்று காரணம் சொல்ல வேண்டும். எனக்கு அது பத்திரத்தின் நான்கெல்லைப் பத்தி போலவே படும்: கிழக்கே இன்னாருடையது, மேற்கே வாய்க்கால்.

மியூடெக்ஸ் பூட்டை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் பூட்டு ஒரு பக்கம் இருக்கும், அது காக்கிற தரவு இன்னொரு பக்கம் இருக்கும். இரண்டுக்கும் உள்ள உறவு, நல்ல மனசு இருந்தால் ஒரு கமெண்ட்டில் இருக்கும். பூட்டாமலேயே தரவைத் தொட்டால் கம்பைலர் வாயைத் திறக்காது. ரஸ்ட் உறையில் தரவு பூட்டுக்குள்ளேயே இருக்கிறது. பூட்டினால்தான் அதைத் தொடுகிற கைப்பிடி கிடைக்கும், கைப்பிடியை விட்டால் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும். திறக்க மறந்துபோச்சு என்கிற பேச்சுக்கே இடமில்லை. கேட்க எளிது, எழுத எளிதாக இல்லை. கெர்னலின் மியூடெக்ஸ் தன் முகவரியைத் தனக்குள்ளேயே வைத்திருப்பது, அதை இடம் மாற்றக் கூடாது. ரஸ்ட்டோ பொருள்களைத் தாராளமாக இடம் மாற்றுகிற மொழி. இந்த ஒரு முரணைத் தீர்க்க பென்னோ லாசின் ‘பின்-இனிட்’ என்று ஒரு தனி நூலகமே எழுதினார்.

உறை எழுதுவது எவ்வளவு பெரிய சண்டையாக மாறக்கூடும் என்று உலகம் பார்த்தது 2024 மே மாதம், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில், கோப்பு முறைமைக்காரர்களின் கூட்டத்தில். அப்போது மைக்ரோசாஃப்ட்டில் இருந்த வெட்சன் அல்மெய்டா ஃபில்யோ ஒரே ஒரு ஃபங்ஷனை உதாரணமாகக் காட்டினார். அதன் பெயர் ஐகெட் லாக்டு. ஒரு கோப்பின் ஐநோடைக் கொண்டுவருவது அதன் வேலை. ஐநோடு என்பது கோப்பின் பட்டா மாதிரி: யாருடையது, எவ்வளவு பெரியது, வட்டில் எங்கே இருக்கிறது. இந்த ஃபங்ஷன் ஒரு முகவரியைத் தருகிறது. அது வெறுமையாக இருந்தால் மெமரி இல்லை என்று பொருள். இல்லையென்றால் ஏற்கெனவே தயாராக இருந்த ஐநோடாக இருக்கலாம், அல்லது இப்போதுதான் உண்டாக்கிய வெற்று ஐநோடாக இருக்கலாம். வெற்று என்றால் நீங்கள் நிரப்ப வேண்டும், நிரப்பியபின் பூட்டைத் திறக்க வேண்டும், நிரப்ப முடியாவிட்டால் தோற்றது என்று வேறொரு ஃபங்ஷனிடம் சொல்ல வேண்டும். கடைசியில் எண்ணிக்கையைக் குறைத்துத் திருப்பித் தர வேண்டும். சி மொழியில் இத்தனைக்கும் அடையாளம் ஒரே ஒரு முகவரிதான். மீதியெல்லாம் பனைமரம்.

வெட்சனின் உறை இதை இரண்டு வகைகளாகப் பிரித்தது: தயாரானது, புதியது. புதியதை நிரப்பாமல் பயன்படுத்தினால் கம்பைல் ஆகாது. பாதியில் விட்டால், தோற்றது என்று அதுவே சொல்லிவிடும். பார்த்தவர்கள் மெச்சியிருக்க வேண்டும். கூட்டம் சூடாகிவிட்டது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் மூத்த பராமரிப்பாளர் டெட் சோ எழுப்பிய கேள்வியின் சாரம் இது: நாளை சி பக்கம் நாங்கள் ஒன்றை மாற்றினால் உங்கள் உறை உடையும். அதைச் சரிசெய்ய நாங்கள் எல்லாரும் ரஸ்ட் படிக்க வேண்டுமா? அதே ஆண்டு ஆகஸ்டில் வெட்சன் திட்டத்தை விட்டு விலகினார். தொழில்நுட்பத்துக்குச் சம்பந்தமில்லாத விவகாரங்களுக்குச் செலவிட இனித் தெம்பில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

டெட் சோவை வில்லனாக்கிப் பேசுவது இணையத்தில் சுலபமாக நடந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாய்ச்சொல்லில் இருக்கிற எல்லைக்கு ஒரு வசதி உண்டு, நெகிழ்ந்து கொடுக்கும். இரண்டு பங்காளிகள் பேசி வரப்பை ஓரடி நகர்த்திக்கொள்ளலாம். பத்திரம் எழுதிவிட்டால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் திருத்தப் பத்திரம் வேண்டும். லினக்ஸ் கெர்னல் தன் உள்விதிகளை நிலையானவை என்று என்றைக்கும் அறிவித்ததில்லை. நினைத்தபோது மாற்றலாம் என்கிற சுதந்திரத்தில்தான் அது இவ்வளவு வேகமாக வளர்ந்தது. அந்தச் சுதந்திரத்தில் கை வைத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

2025 தொடக்கத்தில் அதே கேள்வி இன்னும் கூர்மையாக வந்தது. சாதனங்கள் நேரடியாக மெமரியைப் படிக்க உதவும் டிஎம்ஏ பகுதிக்கு அப்தியேல் ஜானுல்கு ஒரு ரஸ்ட் உறை எழுதியிருந்தார். அது டிஎம்ஏவின் சி கோப்பு எதையும் தொடவில்லை. ரஸ்ட் கோப்பகத்தில் தனியாக இருந்தது, பராமரிக்கவும் தனி ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் டிஎம்ஏ பராமரிப்பாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் மறுத்தார். ஒரே திட்டத்தில் இரண்டு மொழிகள் இருந்தால் பராமரிக்கவே முடியாமல் போகும் என்பது அவர் வாதம். விவாதம் முற்றி, ஆப்பிள் கணினிகளுக்கு லினக்ஸைக் கொண்டுவந்த ஹெக்டர் மார்ட்டின் தன் பராமரிப்புப் பொறுப்பைத் துறந்தார். பிப்ரவரி 20 அன்று டோர்வால்ட்ஸ் தீர்ப்புச் சொன்னார். ரஸ்ட் வேண்டாம் என்கிறவர் அதைப் பார்க்க வேண்டியதில்லை, யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அதே சமயம், தன் நிரலை யார் எங்கே பயன்படுத்தலாம் என்று தடுக்கிற உரிமையும் அவருக்கு இல்லை. அந்த மாதமே ஹெல்விக் டிஎம்ஏ பொறுப்பிலிருந்து ஒதுங்கினார்.

இந்த இரைச்சலுக்கு நடுவே சத்தமில்லாமல் நடந்த ஒரு காரியம்தான் என்னை அதிகம் கவர்ந்தது. கணினியின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் சிபியு-ஃப்ரீக் பகுதியை நெடுங்காலமாகப் பராமரிப்பவர்களில் ஒருவர் லினாரோ நிறுவனத்தைச் சேர்ந்த இந்தியரான விரேஷ் குமார். அந்தப் பகுதிக்கு ரஸ்ட் உறைகளை அவரே எழுதினார். கூடவே கிளாக் முதலிய பக்கத்துப் பகுதிகளுக்கும். 2025 ஜூலையில் வெளியான லினக்ஸ் 6.16இல் அவை சேர்ந்தன. கிளாக்கை எடுத்தால் திருப்பித் தர வேண்டும், இயக்கினால் அதே எண்ணிக்கையில் நிறுத்த வேண்டும் என்கிற பழைய வாய்மொழி விதிகள் அதில் வகைகளாகிவிட்டன. நிலத்துக்காரரே அளவைக் கல் நட்டால் வழக்குக்கு என்ன வேலை? சி பக்கம் எது மாறப்போகிறது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். டெட் சோவின் கேள்விக்கு இதுவரை கிடைத்த நல்ல பதில் இதுதான் என்பது என் எண்ணம். வாதத்தில் கிடைக்காத பதில் வேலையில் கிடைத்தது.

எழுதிவைத்த எல்லை எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல வரவில்லை. 2025 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய பராமரிப்பாளர்கள், ரஸ்ட் இனிச் சோதனை முயற்சி இல்லை, கெர்னலின் நிரந்தரப் பகுதி என்று முடிவு செய்தார்கள். அடுத்த சில நாளில் கெர்னலின் ரஸ்ட் நிரலுக்கான முதல் சி.வி.இ. எண் வந்தது: 2025-68260. ஆண்ட்ராய்டில் செயலிகள் ஒன்றோடொன்று பேச உதவும் பைண்டரின் ரஸ்ட் வடிவத்தில் ஒரு பட்டியலிலிருந்து உறுப்பை நீக்குகிற இடம். அங்கே இருந்த சேஃப்டி குறிப்பு சொன்னது: இந்த உறுப்பு அதன் சொந்தக்காரரின் பட்டியலில் இருக்கும், இல்லையென்றால் எந்தப் பட்டியலிலும் இராது. உண்மையில் வேறொரு ஃபங்ஷன் அந்தப் பட்டியலை அப்படியே ஒரு தற்காலிகப் பட்டியலுக்கு மாற்றிக்கொண்டு பூட்டைத் திறந்துவிட்டிருந்தது. அந்த இடைவெளியில் இரண்டு பேர் ஒரே உறுப்பைத் தொட்டால் கெர்னல் விழும்.

‘பாத்தீங்களா, ரஸ்ட்டும் அவ்வளவுதான்’ என்று கேலி செய்தவர்கள் உண்டு. நான் மாணவர்களுக்கு அந்தத் திருத்தத்தைத்தான் பாடமாக வைத்தேன். தவறு எங்கே இருந்தது? அன்சேஃப் என்று எழுதிய வரியில். ஏன் தவறு? மேலே இருந்த குறிப்பு பொய்யாகிவிட்டது. நான்கெல்லையில் ஒரு கல் இடம் பெயர்ந்திருக்கிறது, அந்தக் கல் எதுவென்று கை நீட்டிக் காட்ட முடிகிறது. 4 கோடி வரிகளில் எங்கே தேடுவது என்கிற மலைப்பு இல்லை. பாகூர் மாணவி குறிப்பை ஒருமுறை, நிரலை ஒருமுறை என்று மாற்றி மாற்றிப் படித்து, அரை மணி நேரத்தில் முரணைக் கண்டுபிடித்தாள். சி மொழிப் பிழை ஒன்றைக் கொடுத்திருந்தால், அவள் முதலில் அந்தப் பகுதியின் பெரியவரைத் தேடிப் போயிருக்க வேண்டும்.

சால்ட் லேக் சிட்டியிலும் டோக்கியோவிலும் நடக்கிற கூட்டங்களுக்கு எங்கள் பிள்ளைகள் போக முடியாது. யாருக்கும் தெரியுமே என்கிற அறிவு, அந்த அறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த அறிவு. கெர்னலின் முதல் தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, அவர்கள் தலைக்குள் இருக்கும் எல்லைகளை இறக்கிவைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. பாதுகாப்பான உறை என்றால் மெமரிக்குப் பாதுகாப்பு என்று பாடப்புத்தகம் சொல்லும். அதற்குமேல் அது ஒரு நுழைவு. தாமதமாகவும் தொலைவிலிருந்தும் வருகிற ஒருவர், யாரிடமும் போய் நிற்காமல், வகையைப் படித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம். தவறினால் கம்பைலர் அதட்டும், ஆனால் அது யாரையும் ‘நீ எந்த ஊரு’ன்னு கேட்காது.

சி நிரல் இன்னும் பல்லாண்டு இருக்கும், அதில் சந்தேகமில்லை. இன்னும் உறை போடாத ஃபங்ஷன்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்டு, படித்து, சண்டை பிடித்து, எழுதியாக வேண்டிய எல்லை. எங்கள் வகுப்பில் இப்போது ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கு ஒரு சி ஃபங்ஷனை எடுத்துக்கொண்டு, அதைக் கூப்பிடுபவர் செய்ய வேண்டியதையும் செய்யக் கூடாததையும் முதலில் தமிழில் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்குக் குறைந்து யாரும் இதுவரை முடித்ததில்லை. ரஸ்ட் அதற்கு அப்புறம்தான்.